‘ஜாம்பி’ எதைப் பற்றிய பாட்டு என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது?

பழைய ஹாஸ்டல்வாசி

1995. எங்கள் ஹாஸ்டலில் ஒரே ஒரு டிவி, அதுவும் மெஸ்ஸில். ராத்திரி சாப்பாடு முடிந்து மேசை துடைக்கிற நேரத்தில்தான் சேனல் வி பார்க்க விடுவார்கள். அப்போதுதான் அந்தப் பாட்டை முதலில் பார்த்தேன். உடம்பெல்லாம் தங்க நிறம் பூசிய ஒரு பெண், பின்னால் பெரிய சிலுவை, காலடியில் வெள்ளி நிறம் பூசிய சிறு பையன்கள். நடுநடுவே துப்பாக்கி தூக்கிய ராணுவக்காரர்கள், சந்துகளில் ஓடி விளையாடும் பிள்ளைகள். ஒன்றும் புரியவில்லை. தலைப்பு ஜாம்பி, எனவே பேய்ப் பாட்டு. எங்கள் விங்கில் அதற்குப் பெயரே அதுதான். குளியலறையில் யாராவது அந்த ஒரு வார்த்தையை இழுத்து இழுத்துக் கத்துவார்கள், அடுத்த தடுப்பிலிருந்து இன்னொருவன் பதில் கொடுப்பான். டபுள் டெக்கில் காப்பி எடுத்த கேசட் ஒன்று நான்கு வருடமும் என் பெட்டியில் கிடந்தது.

பிறகு 2018 ஜனவரி. அந்தப் பாட்டைப் பாடிய கிரான்பெர்ரீஸ் என்கிற அயர்லாந்து ராக் குழுவின் பாடகி டோலரஸ் ஓ’ரியர்டன் லண்டன் ஹோட்டல் ஒன்றில் இறந்துபோனார், வயது 46 என்று செய்தி வந்தது. ஆபீஸில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டே போனபோதுதான் விஷயம் தெரிந்தது. 1993 மார்ச் 20-ஆம் தேதி இங்கிலாந்தின் வாரிங்டன் ஊர்க் கடைத்தெருவில் வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை ஒழிக்க ஆயுதம் ஏந்திய ஐஆர்ஏ இயக்கம் வைத்த குண்டுகள் வெடித்தன. இரண்டு பையன்கள் செத்துப்போனார்கள், ஒருவனுக்கு 3 வயது, இன்னொருவனுக்கு 12. அந்தச் செய்தியைக் கேட்ட வேகத்தில் அவர் எழுதிய பாட்டு இது.

இருபத்து மூன்று வருடம் இதைப் பேய்ப் பாட்டு என்று பாடிக்கொண்டு திரிந்திருக்கிறேன். எனக்கே கூச்சமாக இருந்தது. உங்களுக்கெல்லாம் எப்போது தெரிந்தது? பாட்டை எங்கே எப்படிச் சந்தித்தீர்கள்? சொல்லுங்கள்.

மூணு கட்டை

கிட்டார் கற்றுக்கொள்கிற எவனும் முதல் மூன்று மாதத்துக்குள் இந்தப் பாட்டை வாசித்திருப்பான். எங்கள் மட்டத்துக்கு ஈ மைனர், சி, ஜி, டி என்று நாலே கார்டு. நாலையும் கடைசிவரை சுற்றிச் சுற்றி வந்தால் போதும், பாட்டு முடிந்தது. காலேஜ் பேண்டில் நாங்கள் முதலில் மேடையேற்றியதும் இதைத்தான். அர்த்தமெல்லாம் அப்போது யார் பார்த்தது, கிட்டார் சத்தத்தைக் கரகரக்க வைக்கிற டிஸ்டார்ஷன் பெடலை மிதிக்கிற இடம் எங்கே வருகிறது என்பதுதான் கவலை.

பின்னால் படித்தேன். டோலரஸ் இதைத் தனியாக, சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரில்தான் போட்டிருக்கிறார். ஒத்திகைக்குக் கொண்டுவந்து, இதை மெதுவாக வாசிக்கக் கூடாது, அடித்து வாசியுங்கள் என்று மற்றவர்களிடம் சொன்னது அவர்தான். அதற்கு முன் வந்த ‘லிங்கர்’, ‘ட்ரீம்ஸ்’ இரண்டையும் கேட்டுப் பாருங்கள், தாலாட்டு மாதிரி இருக்கும். அதே ஆட்கள், அதே தயாரிப்பாளர் ஸ்டீபன் ஸ்ட்ரீட். நோயல் ஹோகனின் கிட்டாரும் ஃபெர்கல் லாலரின் டிரம்ஸும் இதில் மட்டும் இடி மாதிரி விழுகின்றன.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. வாசிக்க எளிது, பாடத்தான் முடியாது. அந்தக் கோரஸில் குரல் நெஞ்சிலிருந்து கிளம்பி, நடுவில் உடைந்து, மேலே போய் விழும். எங்கள் பாடகன் ஸ்ருதி சுத்தமாகத்தான் பாடினான், உடைகிற இடம் மட்டும் வரவே இல்லை. ஒருநாள் வீட்டு மொட்டை மாடியில் ஒத்திகை. ஒரிஜினலை ஸ்பீக்கரில் போட்டு அவனுக்குக் கேட்கவைத்துக்கொண்டிருந்தேன். கீழே அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் பாட்டி முறத்தை வைத்துவிட்டுப் படியேறி வந்து கேட்டாள்: “ஏண்டா, யாரு செத்தது?”

பாட்டிக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. ஊரில் துக்க வீடுகளில் ஒப்பாரி வைக்கக் கூப்பிடுகிற அளவுக்குப் பெயர் எடுத்தவள். அவள் கேட்டது பாட்டையல்ல, அந்தக் குரல் உடைவதை. அயர்லாந்திலும் பழைய நாளில் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் பாட்டாகவே அழுவார்களாம். கீனிங் என்று பெயர். பாதிரிமார்கள் கூடாது என்று சொல்லிச் சொல்லியே அது தேய்ந்துபோனது. டோலரஸ் அதை நினைத்துத்தான் அப்படிப் பாடினாரா என்பது வேறு விஷயம். என்னைப் பொறுத்தவரை, இந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று எனக்கு முதலில் சொன்னது பாட்டிதான்.

2003 பேட்ச்

நான் சொன்னால் அடிக்க வருவீர்கள். எனக்கு முதலில் தெரிந்தது பேட் வுல்வ்ஸ் என்கிற அமெரிக்க மெட்டல் குழுவின் பதிப்புதான். யூடியூபில் அதைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் வந்த கிரான்பெர்ரீஸ் வீடியோவை “அட, இந்தப் பெண் நல்லா கவர் பண்ணியிருக்காங்களே” என்று நினைத்தேன்!

அதிலும் ஒரு சோகக் கதை இருக்கிறது. அந்தப் பதிப்பில் டோலரஸே வந்து பாடித் தருவதாக இருந்தது. அந்த ஒலிப்பதிவு வைத்திருந்த நாளில்தான் அவர் இறந்தார், 2018 ஜனவரி 15. சில நாட்களில் குழு தங்கள் குரலோடு மட்டும் வெளியிட்டது. பிறகு அதில் வந்த வருமானத்திலிருந்து 2,50,000 டாலரை அவருடைய மூன்று பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். ஒரிஜினலில் 1916 என்று வருகிற இடத்தில் இவர்கள் 2018 என்று மாற்றிப் பாடுவார்கள், குண்டோடு டிரோனும் சேரும். 1916 என்றால் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் நடந்த ஈஸ்டர் எழுச்சி என்பது எனக்கு இந்த மாற்றத்தைத் தேடிப் போனபோதுதான் தெரிந்தது.

சனிக்கிழமைக் கடைத்தெரு

நான் வாரிங்டனில்தான் இருக்கிறேன். மான்செஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் நடுவில் உள்ள ஊர். வேலைக்காக வந்தது. வீட்டு வாடகை கொஞ்சம் குறைவு என்பதைத் தவிர இந்த ஊரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

பிரிட்ஜ் ஸ்ட்ரீட் என்று ஒரு கடைத்தெரு. வண்டிகள் போகாது, நடக்கிறவர்களுக்கு மட்டும். சனிக்கிழமை தவறாமல் போவேன். அங்கே ஒரு நீரூற்று இருக்கிறது, தண்ணீர் தெரு நீளத்துக்குச் சின்ன வாய்க்காலாக ஓடும். ‘ரிவர் ஆஃப் லைஃப்’ என்று பெயர். என் மகள் அதில் கை நனைத்து விளையாடாமல் வரமாட்டாள். ஆறேழு மாதம் கழித்து ஒருநாள், அவள் செருப்பைத் தேடிக் குனிந்தபோதுதான் அது நினைவிடம் என்று கவனித்தேன். ஜொனாதன் பால், டிம் பாரி. இரண்டு பெயர்கள்.

குண்டு வைத்திருந்தது தெருவோரக் குப்பைத்தொட்டிகளில். வார்ப்பிரும்புத் தொட்டிகள், வெடித்ததும் அந்த இரும்பே சில்லுசில்லாகப் பறந்திருக்கிறது. இரண்டு குண்டு, நடுவில் ஒரு நிமிடம் இருக்கும். முதல் வெடிக்குப் பயந்து ஓடியவர்கள் இரண்டாவதில் போய் மாட்டினார்கள். மறுநாள் ஞாயிறு இங்கே அன்னையர் தினம். ஜொனாதனைப் பார்த்துக்கொள்ளும் பெண் அவனோடு அம்மாவுக்கு வாழ்த்து அட்டை வாங்க வந்திருந்தாள். டிம் கால்பந்து டிரவுசர் வாங்க வந்தவன், ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து 25-ஆம் தேதி போனான். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். இன்றுவரை இந்தக் கொலைகளுக்காக ஒருவர்மீதும் வழக்கு நடக்கவில்லை.

பாட்டை நான் பள்ளிக்கூட நாளிலிருந்தே கேட்டவன். பாட்டும் ஊரும் ஒன்று என்பது அந்த நீரூற்றுப் பக்கத்தில் போனில் தேடிப் பார்த்தபோதுதான் உறைத்தது. மகளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், பிள்ளைகள் விளையாடட்டும் என்றுதானே தண்ணீராக ஓட விட்டிருக்கிறார்கள்! இப்போது அவளைத் தடுப்பதில்லை.

வடமராட்சியான்

நான் லண்டனுக்கு வந்து முப்பது வருசம் ஆகப்போகுது. வந்த புதிதில் பெற்றோல் நிலையமொன்றில் இரவு வேலை. வானொலியில் இந்தப் பாட்டு அடிக்கடி போகும். முழுசாக விளங்காது. ஆனால் டாங்கி, குண்டு, துவக்கு என்கிற சொற்கள் விளங்கும். எனக்கு அது போதுமாக இருந்தது. ஆருடைய சண்டை, எந்த ஊர் என்று நான் தேடவில்லை. எங்கட கதை என்றே நினைத்துக்கொண்டு பணத்தை எண்ணி லாச்சிக்குள் வைப்பேன்.

பிறகு வேறு வேலையில் வட அயர்லாந்தின் டெரியிலிருந்து வந்த ஒரு பெரியவரோடு கன காலம் கதைத்திருக்கிறேன். அவருக்கு இந்தப் பாட்டுப் பிடிக்காது. காரணமும் சொன்னார். 1972-இல் அவருடைய ஊரில் ஊர்வலம் போன சனத்தை பிரித்தானிய ராணுவம் சுட்டது. அதற்கு இப்படி ஒரு பாட்டை உலகம் முழுக்கப் பாடவில்லையே, இங்கிலாந்தில் குண்டு வெடித்தால் மட்டும் பாட்டு வருகுதோ என்று கேட்டார். நான் மறுத்துக் கதைக்கவில்லை. அப்படிக் கேட்கிற வீட்டில்தான் நானும் வளர்ந்தவன்.

ஆனால் டோலரஸ் சொன்னதும் எனக்கு விளங்கும். என் பெயரால், என் குடும்பத்தின் பெயரால் நீ இதைச் செய்யாதே என்கிறார் அந்தப் பெண். ஐஆர்ஏ அயர்லாந்து ஆகாது என்று அவர் பேட்டிகளிலும் சொன்னவர். அயர்லாந்தின் லிமெரிக்கில் நாட்டுப்புறத்தில் பிறந்த, 22 வயதுப் பிள்ளை. தன்ர பக்கத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல எவ்வளவு துணிவு வேணும் என்று எங்கட ஆக்களுக்குத் தெரியும். இதற்கு மேல் எழுதினால் சண்டை வரும், விடுகிறேன்.

லிமெரிக் நர்ஸ்

அண்ணா, சண்டை வராது. இங்கே இருக்கிறவர்களே இதைப் பற்றி இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

நான் லிமெரிக் வந்து பத்து வருடம் ஆகிறது. வேலைக்கு வந்த முதல் வாரத்தில் வார்டில் யாரோ என்னிடம், “எங்கள் ஊரில் உனக்கு யாரைத் தெரியும்?” என்று கேட்டார்கள். எனக்கு ஒருவரையும் தெரியாது. டோலரஸைக் கூடவா தெரியாது என்று அதிர்ச்சி. குடும்பப் பெயரெல்லாம் கிடையாது, டோலரஸ்தான், ஏதோ பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி. பாலிபிரிக்கன் என்கிற கிராமத்துப் பெண், சின்ன வயதில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர்.

2018 ஜனவரி 21, ஞாயிறு. புனித யோசேப்பு தேவாலயத்தில் டோலரஸ் உடல் இருந்த பெட்டியை மக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்கள். நைட் டியூட்டி முடித்துவிட்டு நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும். கையுறையைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே டோலரஸின் பாட்டுகளை மெல்லிய சத்தத்தில் போட்டிருந்தார்கள். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, “எங்களுக்கு வெளியூர்க்காரங்க முன்னாடி பேச வெட்கமா இருந்த காலத்துல, இவ எங்க ஊர்ப் பேச்சுலயே பாடினா” என்கிற மாதிரிச் சொன்னார். எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை. ஜாம்பியை மறுபடி கேட்டபோதுதான் அந்த உச்சரிப்பு காதில் விழுந்தது. அதை அவர் எங்கேயும் மழுப்பவே இல்லை.

அந்த வருடம் மட்டையும் பந்தும் வைத்து ஆடுகிற ஹர்லிங் என்கிற அயர்லாந்து ஆட்டத்தில் லிமெரிக் 45 வருடத்துக்குப் பிறகு அயர்லாந்துக் கோப்பையை ஜெயித்தது. டப்ளினில் குரோக் பார்க் மைதானம் முழுக்க ‘ட்ரீம்ஸ்’ ஒலித்தது. நானும் அழுதேன், ஹர்லிங் விதி ஒன்று கூடத் தெரியாமல். அடுத்தடுத்த வருடங்களில் கேலரியிலிருந்து ஜாம்பியும் கிளம்ப ஆரம்பித்தது. 2023 செப்டம்பரில் பாரிஸில் ரக்பி உலகக் கோப்பை, அயர்லாந்து தென்னாப்பிரிக்காவை 13–8 என்று ஜெயித்த ராத்திரி, மைதானமே அதைப் பாடியது. மறுநாளே இங்கே தகராறு. செத்த பிள்ளைகளுக்கான பாட்டைக் குடித்துவிட்டுக் கொண்டாட்டத்தில் பாடலாமா என்று ஒரு பக்கம். இது அயர்லாந்து விடுதலைப் போராட்டத்தைக் கேவலப்படுத்துகிற பாட்டு, அதைப் போய் நாமே பாடுவதா என்று இன்னொரு பக்கம். எங்கள் வார்டு டீ ரூமில் இரண்டு பேர் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

பழைய ஹாஸ்டல்வாசி

இத்தனை வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்த வீடியோவைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். அது வாரிங்டனில் எடுத்ததல்ல, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில். இயக்குநர் சாமுவேல் பேயர், நிர்வானாவின் ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ வீடியோவை எடுத்தவர். அதில் வருகிறவர்கள் நிஜமான ராணுவக்காரர்கள், நிஜமான தெருப் பிள்ளைகள். பிபிசி அந்த வடிவத்தைப் போட மறுத்ததால், குழு பாடுகிற காட்சிகளை மட்டும் வைத்து வேறொன்று வெட்டிக் கொடுத்தார்கள்.

இன்னொன்று. ஐஆர்ஏ போர்நிறுத்தம் அறிவித்தது 1994 ஆகஸ்ட் 31. பாட்டு வந்தது செப்டம்பரில். ஆறிக்கொண்டிருக்கிற புண்ணைக் கிளறுவதா என்று யோசிக்கிறவர்கள் இருந்திருப்பார்கள்தானே. வேறு பாட்டு கொடு என்று பதிவு நிறுவனம் பத்து லட்சம் டாலருக்குக் காசோலை நீட்டியதாகவும், டோலரஸ் அதைக் கிழித்துப் போட்டதாகவும் அவருடைய மேலாளர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். மேலாளர்கள் சொல்கிற கதை, அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் கிழித்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆஸ்திரேலியா, ஜெர்மனி, பிரான்ஸ் எல்லா இடத்திலும் முதலிடம். இங்கிலாந்தில் மட்டும் 14.

சனிக்கிழமைக் கடைத்தெரு

ஹாஸ்டல்வாசி சார், 2018-இல்தான் தெரிந்தது என்று கூச்சப்பட்டிருந்தீர்கள். டிம்முடைய அப்பா காலின் பாரிக்கும் அதே 2018 ஜனவரியில்தான் தெரிந்தது.

டோலரஸ் இறந்த செய்தி வந்தபோது அவர் மனைவி வேலையிடத்திலிருந்து வந்து சொல்லியிருக்கிறார், அந்தப் பாட்டு நம் பையனைப் பற்றியதாம் என்று. அந்தப் பாட்டு எதற்காக எழுதியது என்பது அவருக்கு அதுவரை தெரியாது. லேப்டாப்பில் தேடி, குழு பாடுவதைப் பார்த்து, வரிகளை உட்கார்ந்து படித்திருக்கிறார். அதைப் பிபிசியில் அவரே சொன்னார். வரிகள் கம்பீரமாகவும் உண்மையாகவும் இருக்கின்றன என்றார். அதற்குள் அந்தப் பாட்டுக்கு 23 வயது ஆகிவிட்டிருந்தது. அவர் பையனுக்குக் கிடைத்ததைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

மூணு கட்டை

இதைப் படித்த பிறகு ஒரு மணி நேரம் கிட்டாரைத் தொடவில்லை. லிமெரிக் அக்கா, டோலரஸ் கல்லறைக்குப் போக முடியுமா? அடுத்த வருடம் அந்தப் பக்கம் வருகிற வேலை இருக்கிறது.

லிமெரிக் நர்ஸ்

தாராளமாக வாங்க தம்பி. கஹெரெல்லி என்கிற ஊர்க் கல்லறை, பாலிபிரிக்கன் பக்கம். நகரத்திலிருந்து காரில் அரை மணிக்குள் போய்விடலாம், பஸ்ஸை நம்பாதீர்கள். ரெயின் கோட் கட்டாயம். கிட்டாரும் கொண்டு வந்தால் தப்பில்லை, ஆனால் பெடல் வேண்டாம், பக்கத்தில் வீடுகள் இருக்கின்றன. பாட்டி இருக்கிறார்களா? இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், இட்லி நான் பார்த்துக்கொள்கிறேன்.