தண்டுவடம் ரெண்டா பிரிஞ்ச குழந்தைக்கு ஆபரேஷன்: அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். என் மகளுக்கு 3 வயசு. பிறந்தப்பவே நடு முதுகில் கொத்தா முடி. எண்ணெய் தேய்ச்சா உதிர்ந்துடும்னு அத்தை சொன்னாங்க, விட்டுட்டோம். இப்போ இடது பாதம் வலதைவிடச் சின்னதா இருக்கு. செருப்பு போட்டா இடது மட்டும் கழண்டு விழுது. எம்ஆர்ஐ எடுத்ததில், தண்டுவடம் ரெண்டா பிரிஞ்சு நடுவில் எலும்பு முள் நிக்குது. இதுக்குப் பேர் ஸ்பிளிட் கார்டு, டைப் 1; பிரிஞ்ச ரெண்டு பாதிக்கும் தனித்தனி உறை இருக்கும். வழக்கமா இடுப்புப் பகுதி முதுகெலும்பில் முதல் ரெண்டு எலும்பு (எல்1, எல்2) பக்கம் முடியற தண்டுவடம் இவளுக்கு நாலாவது எலும்பு (எல்4) வரை இழுபட்டிருக்கு.

எலும்பை எடுத்து, ரெண்டு உறையையும் ஒண்ணாக்கி, கீழே இழுத்துப் பிடிக்கிற இழையையும் வெட்டணும்னு நியூரோசர்ஜன் சொல்றார். இது மேற்கொண்டு மோசமாகாம காக்கத்தான், இருக்கிற பலவீனம் முழுசா போகும்னு உறுதி தர முடியாதுன்னும் நேர்மையா சொன்னார். முன்னாடி பார்த்த ஒரு டாக்டர், வளர்ந்தா சரியாயிடும்னு அனுப்பிட்டார். வீணாப்போன அந்த ஒரு வருஷம் மனசை அறுக்குது.

இதே ஆபரேஷன் பண்ணின பெற்றோர் இருக்கீங்களா? எத்தனை நாள் படுக்கையிலேயே வச்சிருந்தீங்க? அப்புறம் யூரின் கன்ட்ரோல் எப்படி? ஆபரேஷன் நடக்கும்போது நரம்பு ஒழுங்கா வேலை செய்யுதான்னு கருவி வச்சுப் பார்க்கிற நரம்பு மானிட்டரிங் வச்சாங்களா? முதல்வர் காப்பீட்டில் எடுத்துக்கிட்டாங்களா? சென்னை, வேலூர், மதுரை எங்கேன்னாலும் போவோம். ராத்திரி எந்நேரம் எழுதினாலும் படிப்பேன்.