மறு: மறு: கெஸ்ட் மியூசிஷியனுக்கு ஒரு சொல் - "விருந்திசைஞர்" போதுமா?

வணக்கம் மக்களே,

ரெண்டு நாளா ஓடுற இந்த இழையை இப்பத்தான் முழுசாப் படிச்சேன், நடுவுல ஒருத்தர் ராக்னா பாறைதானே அப்ப கன்ட்ரி ராக் "நாட்டுப்பாறை"யான்னு கேட்டு வெச்சிருக்கார், அதுக்கு வேற ஆறு பேர் சீரியஸா பதில் எழுதியிருக்கீங்க. அது கன்ட்ரி ராக்காவே இருந்துட்டுப் போகட்டுமே, நாட்டுப்புற இசைன்னு போட்டா கரகாட்டம்தான் ஞாபகம் வரும். நான் கேட்டது கெஸ்ட் மியூசிஷியனுக்கு, அதாவது இன்னொருத்தர் ஆல்பத்துல வந்து வாசிச்சோ பாடியோ கொடுக்கிறவருக்கு, ஒரு தமிழ்ச் சொல்.

> கெஸ்ட் = விருந்தினர். விருந்தினர் இசைக்கலைஞர். முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு இத்தனை மெயில்?

சார், அவ்வளவு லேசா இருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன். கனடாப் பாடகர் நீல் யங்கோட 'ஹார்வெஸ்ட்' பத்தி, 1972ல வந்த ஆல்பம், தமிழ்ல ஒரு கட்டுரை எழுதிட்டிருக்கேன். பாட்டைப் பத்தி எழுதினது சுலபமா முடிஞ்சுது. யார் யார் வாசிச்சாங்கன்னு கடைசியில ஒரு அட்டவணை போடணும் பாருங்க, அங்கதான் மாட்டிக்கிட்டேன். அந்த ஒரே ஆல்பத்துல வெளியாளுங்க நாலு தினுசா வர்றாங்க, நாலு தினுசையும் விருந்தினர்னு ஒரே பந்தியில உக்கார வைக்க எனக்கு மனசு வரல.

கதையைச் சொல்லிடறேன், அப்பத்தான் புரியும். 1971 பிப்ரவரியில நீல் யங் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷோட டிவி ஷோவுக்காக அமெரிக்காவுல நாஷ்வில் போறார். அங்க எலியட் மேசர்னு ஒரு புரொட்யூசர், குவாட்ராஃபோனிக்ங்கிற ஸ்டூடியோவோட பங்குதாரர், சாப்பிடக் கூப்பிட்டாரு, பேச்சுவாக்குல ரெக்கார்டிங்கே முடிவாயிடுச்சு. ஆனா அது வார இறுதி. வழக்கமா வாசிக்கிற ஆளுங்க நிறைய பேர் கிடைக்கல, கிடைச்சவங்களைக் கூட்டிட்டு வந்தாங்க: டிரம்ஸுக்கு கென்னி பட்ரி, பேஸுக்கு டிம் டிரம்மண்ட், பெடல் ஸ்டீல்ங்கிற படுக்கை கிட்டாருக்கு பென் கீத். பட்ரி ஏற்கனவே பாப் டிலனுக்கு வாசிச்ச ஆளு. பென் கீத் கன்ட்ரி பாடகி பேட்ஸி கிளைனோட 1961 ஹிட் பாட்டுலயே வாசிச்சவர், ஆனா நீல் யங் யாருன்னே அவருக்குத் தெரியாதாம், போனப்ப எல்லாரும் வாசிச்சிட்டிருந்திருக்காங்க, இவரும் ஓசைப்படாம பெட்டியைப் பிரிச்சு உக்காந்து கூடவே இழுக்க ஆரம்பிச்சிட்டார், சில பாட்டு முடிஞ்சப்புறம்தான் ஒருத்தருக்கொருத்தர் வணக்கமே சொல்லிக்கிட்டாங்க.

இவங்க கூலிக்கு வந்தவங்க. விருந்தினர்னு எந்த வாயால சொல்றது? ஆனா கூலிக்கு வந்த இவங்களே அப்புறம் 'ஸ்ட்ரே கேட்டர்ஸ்'னு அவரோட பேண்டாவும் ஆயிட்டாங்க, பென் கீத்தோட தொடர்பு அவர் 2010ல இறக்குற வரைக்கும் விடல. இந்தத் தினுசுக்கு செஷன் மியூசிஷியனுக்கான சொல் வேணும். "அமர்வு இசைஞர்"னு ஒரு அக்கா எழுதியிருந்தாங்க, மன்னிச்சுக்கோங்க அக்கா, எனக்கு இரு நீதிபதிகள் அமர்வுதான் கண்ணு முன்னாடி வருது.

அடுத்த தினுசு பாடகர் ஜேம்ஸ் டெய்லரும் பாடகி லிண்டா ரான்ஸ்டாட்டும். அதே டிவி ஷோவுக்கு வந்தவங்க, அப்படியே ஸ்டூடியோவுக்கு வந்துட்டாங்க. 'ஹார்ட் ஆஃப் கோல்ட்', 'ஓல்ட் மேன்' ரெண்டுலயும் கூடப் பாடுறாங்க. டெய்லர் நெட்டை ஆளு, கன்ட்ரோல் ரூம் சோஃபாவுல உக்காந்திருக்கார், அவர் மட்டத்துக்கு வர்றதுக்கு ரான்ஸ்டாட் முட்டி போட்டுக்கிட்டுப் பாடினாங்களாம், வெளிய வரும்போது விடிஞ்சு போச்சு. ஓல்ட் மேன்ல கேக்குற பேஞ்சோவும் டெய்லர்தான், ஆறு கம்பி பேஞ்சோ, கிட்டாருக்குக் கூட்டுற மாதிரியே கூட்டினது, அதனால கிட்டார்காரர் கைக்கு பழகாத வாத்தியமா தெரியல. இதுதான் அசல் விருந்து: வந்தாங்க, ஒரு கை கொடுத்தாங்க, போயிட்டாங்க.

மூணாவது கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ். நீல் யங்கோட பழைய கூட்டாளிங்க, ஒண்ணா ஆல்பம் போட்டவங்க. கலிஃபோர்னியாவுல அவரோட பண்ணைக் கொட்டகையில பதிவான பாட்டுங்கள்ல இவங்க குரல் வருது, அதுவும் ஜோடி ஜோடியா, 'ஆர் யூ ரெடி ஃபார் தி கன்ட்ரி'க்கு கிராஸ்பியும் நாஷும், 'அலபாமா'வுக்கு கிராஸ்பியும் ஸ்டில்ஸும், 'வேர்ட்ஸ்'க்கு ஸ்டில்ஸும் நாஷும். மூணு பேரும் சேர்ந்து ஒரு பாட்டுல கூட கிடையாது! ஏன்னு கேக்காதீங்க.

நாலாவது லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா. லண்டன்ல பார்க்கிங்னு (Barking, வண்டி நிறுத்துற இடம் இல்ல) ஒரு ஏரியா, அங்க டவுன் ஹால்ல வெச்சு ரெண்டு பாட்டு, ஜாக் நிட்ஷே கோர்வை பண்ணினது. இவங்களையும் விருந்தினர்னா இலை போட இடம் பத்தாது, நேரா பேரைப் போட்டுட வேண்டியதுதான்.

என் முன்மொழிவு: ரெண்டு, மூணுக்கு விருந்திசைஞர். தமிழ்ல விருந்துன்னாலே மொதல்ல புதுசுன்னுதான் அர்த்தம், தொல்காப்பியத்துல புதுவகைச் செய்யுளுக்கே விருந்துன்னு பேரு, அதனால பொருத்தமாவே இருக்கு. செஷன்காரங்களுக்கு பதிவிசைஞர். பேக்கிங் வோக்கலுக்கு பின்பாட்டு. அடிக்கிறவங்க வரிசையா வந்து அடிங்க.

- - -

> பேக்கிங் வோக்கலுக்கு பின்பாட்டு

அண்ணை, சொல்லு நல்லாத்தான் இருக்கு. எங்கட பக்கம் கூத்தில பிற்பாட்டுக்காரர் எண்டு சொல்லுறது, ஆடுறவர் படிச்ச வரியை அண்ணாவியாரோட நிண்டு திருப்பிப் படிக்கிறவை. ஆனா நீங்கள் எழுதினதைப் பாத்திட்டு ஓல்ட் மேனை இப்ப ஹெட்ஃபோனில போட்டுக் கேட்டனான். ரான்ஸ்டாட் எங்க திருப்பிப் படிக்கிறா? சேர்ந்தெல்லோ படிக்கிறா, அதுவும் அவவின்ர குரல் நீல் யங்கின்ர குரலுக்கு மேலால போகுது. அதைப் போய்ப் பின்பாட்டு எண்டால் எப்பிடி? "உடன்பாட்டு" எண்டு வைப்பம் எண்டு யோசிச்சன், பிறகு ஒப்பந்தம் கையெழுத்துப் போட்ட மாதிரிக் கிடக்கு. உடன்குரல் எண்டால் என்ன?

- - -

சார், எங்கப்பா சினிமாவுல வயலின் வாசிச்சவர், அதனால ஒரு வார்த்தை. செஷன்ங்கிற சொல்லை வீட்ல நான் கேட்டதே இல்ல, கால்ஷீட்டுதான், "இன்னிக்கு கால்ஷீட் இருக்கு"ம்பார், நொட்டேஷனைப் பார்த்து வாசிச்சிட்டு வந்துடுவார், எந்தப் படம்னு கூட பல தடவை தெரியாது, ரேடியோல வரும்போது "இது நான்தான்டா"ம்பார், நம்பாம சிரிப்போம். பதிவிசைஞர் பரவாயில்ல, ஆனா ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசனை கொஞ்சம் அடிக்குது. கெஸ்ட்டுக்கு ஏன் இத்தனை கஷ்டப்படுறீங்க, கௌரவ நடிகர் மாதிரி கௌரவ இசைஞர்னு போட்டா பாமரனுக்கும் புரியுமே?

- - -

நான் சின்னப் பையன், தப்பா இருந்தா திட்டாதீங்க. படத்துல டைட்டில் போடும்போது பெரிய ஹீரோ ஒரு சீன் வந்தா "நட்புக்காக"ன்னு போடுவாங்களே, கிராஸ்பி குரூப்புக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இருக்கா என்ன. அப்புறம் பெடல் ஸ்டீலுக்கு நேத்து ஒருத்தர் "மிதிகம்பி"ன்னு சொன்னாரு, அது நெஜமாவே வேணாம் ப்ளீஸ்.

- - -

தம்பி, திட்ட ஒண்ணுமில்ல, மிதிகம்பி வேணாம்கிறதுல நானும் உன் கட்சி. மடிக்கு நேரா படுக்க வெச்ச கம்பிங்க, மேல ஒரு இரும்புத் துண்டை வழுக்கிக்கிட்டே கீழ பெடலை மிதிச்சா ஒரு கம்பி மட்டும் சுருதி ஏறும் பக்கத்துக் கம்பி அப்படியே நிக்கும், கமகம் கேட்டு வளந்த காதுக்கு அந்த இழுப்பு சட்டுனு பிடிச்சுடும், ஆனா மிதிகம்பின்னு எழுதினா படிக்கிறவன் முள்வேலியை மிதிச்சுட்டான்னு நினைப்பான். பெடல் ஸ்டீல், அவ்வளவுதான்.

நட்புக்காக அழகான சொல்தான், கிராஸ்பி கோஷ்டிக்கு அச்சு அசலா பொருந்துது. ஆனா பெயர்ச்சொல்லா மாத்த முடியலயே, "நட்புக்காகர்"னா போடறது? அட்டவணை தலைப்புக்கு ஆகாது, கட்டுரைக்குள்ள ஒரு வரியில கண்டிப்பா வரும், உன் பேர் சொல்லி இல்லேன்னாலும்.

கௌரவ இசைஞர் எனக்கு ஒத்து வரல சார். கௌரவம்னா வந்தவரால வீட்டுக்குப் பெருமைன்னு ஆகுது. டெய்லருக்கு ஒத்துக்கறேன், 1970லயே அவர் பெரிய ஆளாயிட்டார். ரான்ஸ்டாட்? அப்ப அவங்க வளர்ந்துட்டு வர்ற பாடகி, நம்பர் ஒன் ஆன அவங்க ஆல்பமே 1974லதான் வெளிவந்துச்சு. இன்னிக்கு அட்டவணையில அவங்க பேரைப் பார்த்து நாம ஆன்னு வாயைப் பொளக்குறோம், ஆனா அன்னிக்கு ராத்திரி முட்டி போட்டுப் பாடின பொண்ணுக்கு கௌரவ வேடம் யாரும் தரல. ஒரு சொல் வைக்கும்போது ஆள் அப்புறம் என்ன ஆனாங்கங்கிறதை அதுல ஏத்தக் கூடாதுன்னு நினைக்கிறேன்.

உங்கப்பா கதையைப் படிச்சதுல எனக்கு ஒண்ணு தெளிஞ்சுது, அதுக்கு நன்றி. இதுவரைக்கும் காசு வாங்கினா பதிவிசைஞர், வாங்கலேன்னா விருந்திசைஞர்னு மனசுல வெச்சிருந்தேன், அது தப்பு, யாருக்கு எவ்வளவு கொடுத்தாங்கன்னு நமக்கு என்ன தெரியும். வித்தியாசம் வேற இடத்துல இருக்கு. பட்ரி சொல்லியிருக்கார், நீல் யங் ஹை-ஹாட்டே, அதான் டிரம்ஸோட இருக்கிற அந்த ஜோடித் தட்டு, அடிக்கக் கூடாதுன்னுட்டாராம், கை தன்னால போயிடும்னு வலது கையைத் தொடைக்கு அடியில வெச்சு அதுமேல உக்காந்துக்கிட்டு இடது கையால வாசிச்சாராம்! டிலனுக்கு வாசிச்ச மனுஷன். வீட்டுக்காரர் சொல்றபடி கையைக் கட்டிக்கிட்டு வாசிக்கிறது பதிவிசைஞர் தொழில், உங்கப்பா நொட்டேஷன் பார்த்து வாசிச்ச மாதிரி, அதுல ஒரு குறைச்சலும் இல்ல. தன் பேர்ல தனியா ஒரு வீடு, அதாவது ஆல்பமோ பேண்டோ, இருக்கிற ஒருத்தர் இன்னொருத்தர் வீட்டுக்கு வந்து தன் குரல்லயே பாடிட்டுப் போனா அவர் விருந்திசைஞர். காசு வாங்கினாலும் வாங்கலேன்னாலும். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசனைக்கு என்கிட்ட மருந்து இல்ல, யாராவது வேற சொல் கொண்டு வர்ற வரைக்கும் பதிவிசைஞர் இருக்கட்டும்.

உடன்குரல் - யாழ்ப்பாணத்து அன்பருக்கு ஒரு பெரிய கும்பிடு, எடுத்துக்கிட்டேன். பின்பாட்டு அழியலீங்க, ஒருத்தர் பாடி முடிச்சதை மத்தவங்க வாங்கிப் பாடுற இடத்துக்கு வெச்சுக்கலாம்.

அட்டவணையைப் போட்டாச்சு. அதோட நிறுத்தியிருக்கலாம், ஆசை யாரை விட்டுது, 1992ல வந்த 'ஹார்வெஸ்ட் மூன்'க்கும் ஒண்ணு போட்டுடலாம்னு உக்காந்தேன். இருபது வருஷம் கழிச்சு பட்ரி, டிரம்மண்ட், கீத் திரும்ப வர்றாங்க, டெய்லர், ரான்ஸ்டாட்டும் வர்றாங்க, வகையா கட்டத்துல விழுந்துடுச்சு. ஆனா தலைப்புப் பாட்டுல சரக் சரக்குனு ஒரு தாளம் வருது பாருங்க, அது நீல் யங்கோட கிட்டாரையெல்லாம் பராமரிக்கிற லாரி கிராக் விளக்குமாத்தால பெருக்குற சத்தம். வீட்டு ஆளு, அதனால விருந்தும் இல்ல, வாசிக்கிறது தொழிலும் இல்ல, அதனால பதிவும் இல்ல. கட்டத்துல "விளக்குமாறு - லாரி கிராக்"னு மட்டும் எழுதி விட்டுட்டேன். துடைப்பம்னுதான் போட்டிருக்கணும்னு யாருக்காவது தோணினா தயவுசெஞ்சு தனி இழை ஆரம்பிங்க.