‘மரபுவழித் தன்னாட்சி’ வேண்டாம், ‘ஊர்முறை’ போதும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

பழங்குடி ஊர்கள் தங்கள் காரியங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் ஏற்பாட்டுக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் பேச்சில், ‘மரபுவழித் தன்னாட்சி’ என்று ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார். ‘ஊர்முறை’ போதும் என்பது என் கருத்து. தன்னாட்சி என்றதும் நமக்குத் தன்னாட்சிக் கல்லூரிதான் நினைவுக்கு வருகிறது. மேலே இருப்பவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார் என்ற எண்ணம் அந்தச் சொல்லில் ஒட்டியிருக்கிறது. இந்த ஊர்களுக்கு அப்படி யாரும் எதையும் கொடுக்கவில்லை.

‘ஊராட்சி’ நன்றாகவே பொருந்தியிருக்கும், ஆனால் அதைப் பஞ்சாயத்துக்குக் கொடுத்துவிட்டோம். நான் ஆனைகட்டி தாண்டி, கேரளத்து அட்டப்பாடியில் இருக்கிறேன். இங்கே அகளி, புதூர், சோலையூர் என்று பஞ்சாயத்து மூன்று. ஆதிவாசி ஊர்கள் ஏறக்குறைய 190. ஊருக்கு மூத்தவராக ஒரு மூப்பன், பொருளைப் பார்த்துக்கொள்ள வண்டாரி, மூப்பனுக்குத் துணையாகக் குறுதலை, விதைப்புச் சடங்குக்கு மண்ணுக்காரன். ஒருவர் ஆள, மற்றவர் அடங்கும் ஏற்பாடு இல்லை இது. அதனால் ‘ஆட்சி’ என்பதே இடிக்கிறது.

சோலையூர்ப் பக்கம் ஒரு ஊரில், ராகிக்காட்டில் மாடு இறங்கிய விவகாரம் பேசியபோது ஓரமாக உட்கார்ந்திருந்தேன். குறுதலை காட்டுக்குப் போய், மேய்ந்த இடத்தைக் காலால் அளந்துவிட்டு வந்தார். ஈடு ஒரு மூட்டை என்று ஆரம்பித்த பேச்சு அரை மூட்டையில் முடிந்தது. அதுவரை மூப்பன் வாயே திறக்கவில்லை. “முறைன்னு ஒண்ணு இருக்குல்ல” என்று சொல்லிவிட்டு மாட்டுக்காரர் எழுந்தார்.

‘முறை’ என்ற அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறேன். முறையிடு, முறைகேடு என்பதில் முறை நீதி. ‘என்ன முறை வேணும்?’ என்றால் உறவு. முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சினால் பங்கு. அன்று அந்த ஊரில் மூன்றும் சேர்ந்தே இருந்தன. மாட்டுக்காரரும் காட்டுக்காரரும் மாமன் மச்சான்.

ஊர் என்றாலே ஊர்விலக்கும் கட்டப்பஞ்சாயத்தும் ஞாபகம் வருகிறது என்று நம் பேச்சில் அக்கா ஒருவர் எழுதியது நியாயமான கவலை. அதனால் ‘ஊர்க்கூட்டம்’ என்பதைத் தனிச் சொல்லாக வைக்கவேண்டும். 2006 வன உரிமைச் சட்டத்தின் கிராமசபைக்குக் கேரளத்தில் ஊருக்கூட்டம் என்ற பெயரே புழங்குகிறது. 2012 விதித்திருத்தப்படி அதில் பாதிப்பேராவது கூடவேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்கவேண்டும். பழைய ஊர்முறையில் இப்படி ஒரு கணக்கு கிடையாது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் அந்த மாற்றமே மறைந்துபோகும்.

சரி, புழங்கிப் பார்ப்போம். பஞ்சாயத்து முறையைப் பழங்குடிப் பகுதிகளுக்கு விரிவாக்கிய 1996 பெசா (PESA) சட்டம், வழக்கப்படி தகராறு தீர்த்துக்கொள்வதைக் காக்கும் தகுதி கிராமசபைக்கு உண்டு என்கிறது. அதை ‘ஊர்முறைத் தீர்வு’ எனலாம். அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவித்த பகுதிகளுக்குத்தான் அந்தச் சட்டம்; அப்படிப் பகுதி கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இல்லாததால் அது இங்கே எட்டவில்லை. ‘ஊர்முறை உண்டு, ஏற்பு இல்லை’ என்று எழுதினால் நிலைமை ஒரே வரியில் புரிகிறது.

‘ஊர்முறை’ என்று சேர்த்தே எழுதுவோம். பிரித்தால் ‘ஊர் வழக்கம்’ என்று படித்துவிடுவார்கள்.