பெரிய போத்தலா, சின்னதா?

பீடோங்காரன்:
சனிக்கிழமை செம்பனை வேலை முடிந்து சீனர் கோப்பிக் கடையில் நாலு பேர் உட்காருவோம். எனக்குப் பெரிய பீர் போத்தல்தான். பளிங்கு மேசை நடுவில் வைத்து ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினால்தான் பேச்சே வரும். மச்சான் 325 மில்லி சின்னதுதான் கேட்கிறான். நீங்கள்?

ரப்பர்மரம்:
சின்னதுதான் அண்ணே. கழுத்தைப் பிடித்துக் குடித்தால் கைச்சூடு ஏறாது. இந்த வெயிலில் பெரியதன் கடைசிக் கிளாஸ் வெந்நீர். ஐஸ் போட்டால் வெறும் தண்ணி.

பழைய தோட்டத்தான்:
அளவை விடுங்கள், நிறத்தைப் பாருங்கள். பழுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைத் தடுக்கும். பச்சையில் அது உள்ளே போய் பீரில் கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவின் சாரத்தைக் கெடுத்து நாற வைக்கும். வெயில்படும் அலமாரியில் இருந்ததை நான் தொடமாட்டேன்.

பீடோங்காரன்:
சரி, அப்போ பெரியது, பழுப்பு, ஐஸ்பெட்டி அடியிலிருந்து. மச்சானுக்குத் தனிக் கணக்கு.