கேம்பர் வேன்ல எலி பூந்து வயர், பைப்புன்னு கடிச்சு வெக்குது, இன்னா பண்ணலாம்?

காட்பாடி வேன்

எல்லாருக்கும் வணக்கம். காட்பாடி தாண்டி இருக்கோம், வூட்டுக்குப் பின்னாடி நெல்லு கழனி, அதுக்கு அப்பால ஏரி. ஒரு பழைய ட்ராவலர் வேன வாங்கி சீட்டெல்லாம் கழட்டி கேம்பரா மாத்தி வெச்சிருக்கோம், ஷூட்டிங் கேரவன் மாதிரி பெருசெல்லாம் இல்ல, ரெண்டு பெட்டு, சின்ன சிங்க், ஒரு கேஸ் அடுப்பு, மேல சோலார், பெட்டுக்கு அடியில பேட்டரியும் இன்வெர்ட்டரும் அவ்ளோதான். லீவு கெடைச்சா ஏலகிரி, இல்லன்னா ஜமுனாமரத்தூர்னு குடும்பத்தோட கெளம்பிடுவோம், மத்த நாள் ஷெட்டுலயே நிக்கும்.

ஐப்பசி மழை புடிச்சதுல இருந்து எலி தொல்லை தாங்கல. மொதல்ல பிரேக்குக்கான ஏபிஎஸ் லைட் எரிஞ்சுது, வீலாண்ட போற சென்சார் வயர கடிச்சிருக்குன்னு மெக்கானிக் காட்டினாரு, அத சரி பண்ணி எடுத்தாந்தா அடுத்து ஏசி போட்டா ஒரே நாத்தம், தொறந்து பாத்தா ப்ளோயர் கிட்ட மெத்தை பஞ்சு, பேப்பர், மல்லாட்டை (வேர்க்கடலை) தோலுன்னு கூடே கட்டி வெச்சிருக்கு. சிங்குக்கு அடியில தண்ணி பைப்புலயும் பல்லு தடம். அந்து உருண்டை போட்டோம், புகையிலை காம்பு கட்டி தொங்க விட்டோம், 12 வோல்ட்ல ஓடுற அல்ட்ராசானிக் மிஷினும் மாட்டினோம், ஒண்ணும் அசையல. பக்கத்து வூட்டு பெரியவர் மருந்து வெச்சா ஒரே ராத்திரில முடிஞ்சுடும்னு சொல்றாரு, ஆனா சின்ன கொழந்தைங்க படுக்குற எடம், மனசு வரல. மருந்து வெக்கலாமா, வேற வழி இருக்கா? ரிப்பேர் செலவு இன்சூரன்ஸ்ல வருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ராணிப்பேட்டை ஒர்க்‌ஷாப்

தம்பி, மத்தத அப்பறம் பாக்கலாம், வண்டிய திரும்ப ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டீசல் ஹோஸ், ரிட்டர்ன் ஹோஸ், பிரேக் ஹோஸ் மூணையும் டார்ச் அடிச்சு பாரு. வயர் கடிச்சா லைட் எரியும், உனக்கு தெரிஞ்சுடும். ஹோஸ் கடிச்சா சொட்டு சொட்டா எறங்கும், சூடான எஞ்சின் மேல பட்டா தீ புடிக்கும். டீசல் வாடை லேசா வந்தாக்கூட சாவிய தொடாத.

எலிக்கு முன் பல்லு சாவுற வரைக்கும் வளந்துக்கினே இருக்கும், தேய்க்கலன்னா வாயே மூட முடியாம போயிடும், அதனால கையில கெடைச்சத கடிக்கும். வயர்ல சோயா கலக்குறாங்க அதான் எலி தேடி வருதுன்னு அமெரிக்காவுல கேஸெல்லாம் போட்டாங்க, ஆனா அந்த காலத்து பிவிசி வயரையும் இதே எலிதான் கடிச்சு வெச்சுது, எங்க ஒர்க்‌ஷாப்புக்கு பழைய வண்டியும் வருது புது வண்டியும் வருது. அதனால எந்த வயர மாத்தினாலும் எலி விடாது, உள்ள வர வழிய அடைக்கணும், அது ஒண்ணுதான் நிக்கும்.

எவ்ளோ ஓட்டைன்னு கேட்டா, சுண்டெலிக்கு 6 மில்லி போதும், பென்சில் போற ஓட்டையில அது நுழையும். பெரிய எலிக்கு 12 மில்லி. ஹார்டுவேர் கடையில 6 மில்லிக்கும் கம்மியான கண்ணு இருக்குற எஸ்எஸ் (துருப்புடிக்காத ஸ்டீல்) வலை கேளு, ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) வலைன்னா மழையில துருப்புடிச்சு போயிடும். நைலான் கொசு வலை வாங்கவே வாங்காத. பியூ ஃபோம் மட்டும் அடிச்சு விட்டாலும் அத குடைஞ்சுடும், உள்ள ஸ்டீல் நார திணிச்சுட்டு மேல ஃபோம் அடிச்சா நிக்கும். முன் கண்ணாடிக்கு கீழ காத்து உள்ள போற எடம் இருக்குல்ல, ப்ளோயருக்கு வழி அதுதான், அங்க வலை கட்டாயம். இன்னொண்ணு, வண்டிய நிறுத்தும்போது ஏசிய உள்காத்து மோடுல வெச்சுட்டு ஆஃப் பண்ணு, வெளிக்காத்து மூடி சாத்திக்கும், பைசா செலவு இல்ல.

கேம்பர்ல ஆளுங்க போட்ட ஓட்டைதான் ஜாஸ்தி இருக்கும். சிங்க் தண்ணி எறங்குற பைப்ப சுத்தி, சோலார் வயர் எறங்குற எடம், பேட்டரி கேபிள் தரையில பூந்து போற எடம், எல்லாத்துலயும் கை வெச்சு தடவி பாரு. ஆனா கேஸ் கசிஞ்சா கீழ எறங்கி வெளிய போறதுக்குன்னு தரையில வெண்ட் விட்டிருப்பாங்க, அத மட்டும் அடைக்கவே கூடாது. எல்பிஜி காத்த விட கனம், தரையிலயே தேங்கும். அங்க வலை மட்டும் போடு.

கடிச்ச எடத்துல டேப் சுத்தி விட்றாதீங்க, ஈரம் பூந்து பச்சை புடிச்சு வேற ஃபால்ட் காட்டும். சால்டர் வெச்சு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு அதுக்கு மேல வயர மூடுற கன்ட்யூட் குழாய் போடணும். ஹோண்டா கம்பெனில மிளகாய் காரம் சேத்த டேப் ஒண்ணு பண்றாங்க, வயர் மேல சுத்துறது, கெடைச்சா சுத்தலாம், கூடுதல் காவல்தான். புகையிலை காம்ப இன்னிக்கே கழட்டு தம்பி, சைலன்சர் பக்கம் விழுந்துச்சுன்னா காஞ்ச சருகு, பத்திக்கும்.

சத்துவாச்சாரி ரைடர்

எனக்கு அல்ட்ராசானிக் நல்லாவே வேலை செஞ்சுது, மாட்டினப்பறம் எலியே வரல. நல்ல கம்பெனியா பாத்து வாங்குங்க ப்ரோ.

பாகாயம் அக்கா

ரைடர் தம்பி, உங்க வண்டி தினமும் ஓடுதுன்னு நெனைக்கிறேன், தினமும் ஓடுற வண்டில எலி கூடு கட்டுறது கம்மி. அந்த சத்தம் மரம், மெத்தை, பிளைவுட்ட தாண்டி போகாது, போற எடத்துலயும் கொஞ்ச நாள்ல எலிக்கு பழகிடும். ஆதாரம் இல்லாம விளம்பரம் பண்ணாதீங்கன்னு 2001லயே அமெரிக்க அரசு அந்த மிஷின் பண்றவங்களுக்கு எச்சரிக்கை அனுப்பிருக்கு.

காட்பாடி தம்பி, நான் ரொம்ப வருஷம் லேப்ல இருந்தவ, மருந்து விஷயத்துல கெஞ்சி கேட்டுக்கறேன், வேணாம். பேஸ்ட் மாதிரி டியூப்ல வர்ற எலி மருந்துல மஞ்சள் பாஸ்பரஸ் இருக்கும், தமிழ்நாட்டுல தடை பண்ணியும் சில கடையில ஒளிச்சு வெச்சு குடுக்குறாங்க. கொழந்தை தொட்டு வாயில வெச்சா மொத நாள் வாந்தி, அப்பறம் ஒண்ணுமே இல்லாத மாதிரி தெளிவா இருக்கும், ரெண்டு மூணு நாள் கழிச்சு லிவர் போயிடும், முறிவு மருந்து கெடையாது. நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரில இந்த கேஸுங்கள பத்தி ஆராய்ச்சியே பண்ணி பிளாஸ்மா மாத்துற வைத்தியம் குடுக்குறாங்கன்னா எவ்ளோ பேரு வந்திருப்பாங்கன்னு பாத்துக்கோங்க. அதவிட மோசம் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, ஈரம் பட்டாலே வெஷ வாயு வரும், மூடின வேனுக்குள்ள அது குடும்பத்தையே கொன்னுடும். கேக்கு மாதிரி வர்ற புரோமேடியலோன் மெதுவா கொல்லும், அதுக்கு வைட்டமின் கே குடுத்து காப்பாத்தலாம், ஆனா எலி சாவ நாலஞ்சு நாள் ஆகும், அதுக்குள்ள டேஷ்போர்டுக்கு உள்ள போய் செத்துச்சுன்னா மொத்தத்தையும் கழட்டணும். அந்த எலிய தின்ன ஆந்தையும் பூனையும் கூட போகும், நமக்கு எலி புடிக்கிறதே அதுங்கதான்.

அந்து உருண்டையையும் எடுத்துடுங்க. மூடின வேன்ல அந்த வாடைய கொழந்தைங்க ராத்திரி பூரா இழுக்கக் கூடாது, பொறவியிலயே வர்ற ஜி6பிடி குறைபாடு இருக்குற கொழந்தைன்னா ரத்த அணுவே ஒடையும்.

கூட்ட எடுக்கும்போது தொடப்பத்தால பெருக்காதீங்க, வேக்குவமும் போடாதீங்க, தூசியா பறந்து மூக்குல போவும். கதவெல்லாம் தொறந்து காத்தாட விட்டு, கையுறையும் மாஸ்க்கும் போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒம்பது பங்கு தண்ணி கலந்து நல்லா நனையுற மாதிரி தெளிச்சு அஞ்சு நிமிஷம் விட்டு பேப்பரால வழிச்சு கவர்ல கட்டி போடுங்க. எலி மூத்திரத்துல எலிக்காய்ச்சல் குடுக்குற லெப்டோ கிருமி இருக்கலாம், கை கால்ல கீறல் இருந்தா அது வழியா ஏறும். அதுக்கப்பறம் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்ணு செவப்புன்னு வந்தா டாக்டர்கிட்ட எலி கூடு சுத்தம் பண்ணோம்னு மறக்காம சொல்லுங்க.

நீட்டு மூக்கோட கீச்சு கீச்சுன்னு ஓரமா ஓடுறது மூஞ்சூறு, அது எலி இனமே இல்ல, கரப்பான் பூச்சி தின்னும், வயர கடிக்காது. நம்ம வேலூர் தோட்டப்பாளையத்துல 1964ல புடிச்ச மூஞ்சூறுல இருந்துதான் தோட்டப்பாளையம் வைரஸ்னே ஒண்ண பிரிச்சாங்க, ஹன்டா வைரஸ் குடும்பம், ஒலகம் பூரா அந்த பேருதான். பயப்பட சொல்லல, அதையும் வெறுங்கையால தொடாதீங்க.

ஆணைக்கட்டு கழனி

பொறி பத்தி யாரும் சொல்லலயே. வழிய அடைக்கிறதுக்கு முன்னாடி உள்ள இருக்கறத புடிச்சாகணும், இல்லன்னா உள்ளயே மாட்டிக்கினு வெளிய வர இன்னும் கடிக்கும். பெரிய எலி புதுசா எதாவது வெச்சா ஒடனே கிட்ட வராது, சந்தேகப்படும், அதனால பொறிய செட் பண்ணாம தீனி மட்டும் வெச்சு விடு, தின்னு பழகட்டும், அப்பறம் செட் பண்ணு. மசால் வடை எல்லாரும் வெப்பாங்க, எங்க பக்கம் நெருப்புல வாட்டின கருவாடு, தேங்கா சில்லு, வறுத்த மல்லாட்டை இதுக்குதான் நல்லா வரும். செவுத்து ஓரமா வெக்கணும், எலி நடுவுல நடக்காது. பசை அட்டை வேணாம்பா, துடிச்சு துடிச்சு சாவும், பாவம்.

உங்க எடத்துல கழனி இருக்கறதால ரெண்டு தடவ வரும். மழையில வளைக்கு தண்ணி பூந்தா மேட்டுக்கு ஏறும், தையில சம்பா அறுத்தா தீனி இல்லாம வூட்டாண்ட வரும். அறுப்புக்கு முன்னாடியே ஷெட்ட தயார் பண்ணி வெச்சுடு. கிட்ட வைக்கப்போர், வெறகு, மாட்டுத் தீவனம் எது இருந்தாலும் தள்ளி மாத்து, ஷெட்டு மேல சாயுற கெளைய வெட்டு, அது வழியாதான் அணிலும் எலியும் எறங்கும். வரப்புல வளை நெறைய இருந்தா எங்க பக்கம் இருளர் ஆளுங்கள கூப்புடுவோம், வளையோட வாய பாத்தே உள்ள எலி இருக்கா இல்லையான்னு சொல்லிடுவாங்க, மருந்து இல்லாம தோண்டி புடிப்பாங்க. நியாயமான கூலி குடுத்து கூப்புடுங்க, பேரம் பேசாதீங்க.

ராத்திரில பானட்ட தொறந்து வெச்சு ஒரு லைட்டு போட்டு விடு. இருட்டும் கதகதப்பும் இல்லன்னா அது தங்காது.

வாலாஜா பாலிசி

இன்சூரன்ஸ் கேட்டிருந்தீங்க. தேர்டு பார்ட்டி மட்டும்னா ஒண்ணும் வராது. நம்ம வண்டி சேதத்துக்கும் சேத்து எடுக்குற ஓன் டேமேஜ் இருந்தா கேக்கலாம், ஆனா பாலிசில எலெக்ட்ரிகல் பிரேக்டவுன் வராதுன்னு ஒரு வரி இருக்கும், அத காட்டி தட்டி விட பாப்பாங்க. அதனால கடிச்ச எடம், புழுக்கை, கூடு எல்லாத்தையும் கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து, தகவல் குடுத்து, சர்வேயர் பாத்த அப்பறம்தான் ரிப்பேர். சின்ன தொகைன்னா விட்டுடுங்க, க்ளெய்ம் பண்ணா நோ க்ளெய்ம் போனஸ் போயிடும், அது ப்ரீமியத்துல கெடைக்கிற தள்ளுபடி, 20 சதவீதத்துல ஆரம்பிச்சு 50 வரைக்கும் போற சமாச்சாரம். கேம்பரா மாத்தினத ஆர்சில ஏத்தி இன்சூரன்ஸ்காரங்களுக்கும் சொல்லிருக்கீங்களா? மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு படி ஏத்தணும்.

காட்பாடி வேன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆர்சில ஏத்தியாச்சு சார். மருந்து கெடையாதுன்னு பெரியவர்கிட்ட சொல்லிட்டேன், அக்கா எழுதினத படிச்சு காட்டினதும் அவரு வூட்டுல இருந்த டியூபையும் வெளிய எடுத்துட்டாரு. டீசல் ஹோஸ் நல்லா இருக்கு. ஆனா அடுப்புக்கு போற கேஸ் டியூப்ல லேசா பல்லு பட்ட மாதிரி இருக்குண்ணா, ஓட்டை இல்ல, சோப்பு தண்ணி போட்டு பாத்தேன் நுரை வரல. அப்படியே விடலாமா?

ராணிப்பேட்டை ஒர்க்‌ஷாப்

விடக்கூடாது. சிலிண்டர் ரெகுலேட்டர இப்பவே ஆஃப் பண்ணி கழட்டி வண்டிக்கு வெளிய வை. கேஸ் ஏஜென்சில சுரக்ஷா டியூப் கேளு, உள்ள கம்பி பின்னல் இருக்கும், எலி சுலபத்துல கடிக்க முடியாது. மேல தேதி அச்சடிச்சிருக்கும், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும். மாட்டினப்பறம் ரெண்டு முனையிலயும் திரும்ப சோப்பு தண்ணி போட்டு பாரு. ஞாயித்துக்கெழம கடை தொறந்துதான் இருக்கும், வேன எடுத்தா, ப்ளோயர் வலைய நானே அளவெடுத்து வெட்டி குடுக்குறேன்.