சின்ன ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப்ளிஃபயர்?

வணக்கம் மக்களே. ஊர் கம்பம். குமுளியில் வீட்டைக் காலி செய்த ஒருவரிடம் 4 இன்ச் வூஃபர் வைத்த புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினேன். பின்பக்கம் 6 ஓம், 86 டெசிபல் என்று போட்டிருக்கிறது. சென்சிடிவிட்டி, அதாவது கொடுக்கும் பவருக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது, குறைவுதான்; ஆனாலும் பத்துக்குப் பத்து அறைக்கு நிஜமான 30 வாட் போதும் என்பது என் கணக்கு. அட்டைப்பெட்டியில் 1000 வாட் என்று அடித்திருப்பதையெல்லாம் நம்புவதில்லை.

இப்போதைக்குப் பழைய ஹோம் தியேட்டர் பெட்டியில் ஓடுகிறது. பாட்டு நின்றதும் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். பண்ணைப்புரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன் வீட்டில் இளையராஜாவின் பேஸ் கிட்டார் தெளிவாகக் கேட்காவிட்டால் எப்படி?

பட்ஜெட் 5000. டிபிஏ3116 சிப் போட்ட கிளாஸ் டி (அதிகம் சூடாகாத, மின்சாரம் வீணாகாத வகை) ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அதற்கு 24 வோல்ட் அடாப்டர் 3 ஆம்பியர் போதுமா, 5 வேண்டுமா? இல்லை, பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரே தேடலாமா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.