“அவையை நடத்த விடுங்கள்”: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பழைய நிருபர்:
கூட்டத்தொடர் தொடங்கும் முன் அனைத்துக் கட்சிக் கூட்டம் நடக்கும். முடிந்ததும் நாடாளுமன்ற விவகாரத் துறை அமைச்சர் வெளியே வந்து, “எதையும் விவாதிக்கத் தயார், எதிர்க்கட்சிகள் அவையை முடக்கக் கூடாது” என்பார். காங்கிரஸ் ஆண்டாலும் பாஜக ஆண்டாலும் வசனம் ஒன்றுதான். டில்லியில் வேலை பார்த்த காலத்தில் இந்தச் செய்தியை எழுதி எழுதிச் சலித்துவிட்டது.

ஆனால் 2018 மார்ச் வேறு ரகம். பிப்ரவரி 16-ம் தேதி உச்ச நீதிமன்றம் காவிரியில் தமிழகத்துக்கு 177.25 டிஎம்சி தண்ணீர் என்று தீர்ப்புச் சொல்லி, அதைச் செயல்படுத்தும் திட்டத்துக்கு ஆறு வாரம் கெடு கொடுத்திருந்தது. மத்திய அரசு அசையவில்லை. காலை 11 மணிக்கு மக்களவை சபாநாயகர் சுமித்ரா மகாஜன் இருக்கையில் அமர்வார்; உடனே அதிமுக எம்.பி.க்கள் காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கக் கோரும் பதாகைகளோடு இறங்கி அவர் முன்னால் நிற்பார்கள். பக்கத்தில் தெலங்கானாவின் டிஆர்எஸ் கட்சிக்காரர்கள், இடஒதுக்கீடு கேட்டு. நடுவில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் சுருக்கெழுத்தர்களைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். தலைக்கு மேல் அட்டைகள் ஆடும். அவர்கள் நிமிரவே மாட்டார்கள், கை ஓடிக்கொண்டே இருக்கும்.

மார்ச் 14 அன்று அந்தக் கூச்சலிலேயே நிதி மசோதா விவாதமில்லாமல் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. இரண்டு நாள் கழித்து ஆந்திரக் கட்சிகளின் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. அதை ஏற்க 50 பேர் எழுந்து நிற்க வேண்டும். அவை ஒழுங்கில் இல்லை, தலைகளை எண்ண முடியவில்லை என்று சொல்லி ஒத்திவைத்தார்கள். அடுத்த அமர்விலும் அதே கதை. கூட்டத்தொடர் முடியும் வரை அது எடுக்கப்படவே இல்லை. கேலரியில் இருந்த எங்களுக்கு, யார் யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்பதே சந்தேகமாகிவிட்டது. ஜூலை 20-ல்தான் விவாதம் நடந்தது. 126-க்கு 325 என்று தோற்றது. அவ்வளவு பெரும்பான்மை கையில் இருந்தவர்கள் மார்ச்சிலேயே எண்ணியிருக்கலாமே!

ஈசிஆர் வாசி:
சார், அந்தக் கதையோட அடுத்த பாகம் எங்க ஊர்ல நடந்தது. எதிர்க்கட்சிங்க நாடாளுமன்றத்தை முடக்கிட்டாங்கன்னு சொல்லி 2018 ஏப்ரல் 12 அன்னைக்கு பாஜக எம்.பி.க்கள் நாடு முழுக்க உண்ணாவிரதம். பிரதமரும் இருந்தார். அன்னைக்குத்தான் அவர் சென்னை பக்கத்துத் திருவிடந்தைல ராணுவத் தளவாடக் கண்காட்சியைத் திறக்க வந்தார். ஊரெல்லாம் காவிரிக்காகக் கறுப்புக் கொடி. வீட்டு மொட்டை மாடில நின்னு பார்த்தேன், கறுப்பு பலூன் கொத்துக் கொத்தா மேல போகுது. அவர் ஹெலிகாப்டர்ல வந்து ஹெலிகாப்டர்லயே போயிட்டார். அவை நடக்கலைன்னு அவர் பட்டினி, தண்ணி வரலைன்னு இவங்க கறுப்புச் சட்டை. கீழ் வீட்டு மாமா டிவி பார்த்துட்டு, “ரெண்டு பேரும் ஒரே விஷயத்துக்குத்தான்டா போராடுறாங்க, ஆனா யாரும் யாரையும் பார்த்துப் பேசல”ன்னார்.

ஸ்ரீரங்கத்துப் பாட்டி பேரன்:
நான் பாஜக அனுதாபிதான், மறைக்கவில்லை. ஆனால் 2010 குளிர்காலக் கூட்டத்தொடரை நேரில் பார்த்தவன். அப்போது தடுத்தது எங்கள் ஆட்கள். 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரணை வேண்டும் என்று கேட்டு, தொடர் முழுவதையும் நடக்கவிடவில்லை. பாட்டிக்கு நாடாளுமன்றம் பார்க்க ஆசை என்று தெரிந்த எம்.பி. ஒருவரிடம் பாஸ் வாங்கியிருந்தேன். செல்போன், பை எல்லாம் கீழேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வரிசை வரிசையாகச் சோதனை, முழங்கால் வலியோடு பாட்டி படி ஏறி உட்கார்ந்தார். சபாநாயகர் மீரா குமார் வந்தார், எல்லோரும் எழுந்தார்கள், கத்தினார்கள், “12 மணி வரை ஒத்திவைப்பு.” காவலர் எங்களைக் கிளம்பச் சொன்னார். பாட்டி என்னைப் பார்த்து, “அம்புட்டுத்தானா? பெருமாள் கோயில்லகூட தீபாராதனை இதைவிட நேரமாகுமேடா” என்றார்.

அப்போது ஆளுங்கட்சியான காங்கிரஸ் கெஞ்சியது, நாங்கள் கேட்கவில்லை. அவையை முடக்குவதும் ஜனநாயக வழிதான் என்று எங்கள் தலைவர்கள் ஜெட்லியும் சுஷ்மாவும் பேசியதை அந்தக் காலத்தில் கைதட்டி ரசித்தேன். 2011 பிப்ரவரியில் கூட்டுக்குழு அமைந்தது. ஆக, முடக்கியதால் கிடைத்தது. அதனால் இன்று மற்றவர்கள் முடக்கும்போது என்னால் பெரிதாகக் கோபப்பட முடியவில்லை.

முன்னாள் பி.ஏ.:
எம்.பி. அலுவலகத்தில் இருந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். அமைச்சர் அவையில் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் குறியிட்ட கேள்வி மக்களவையில் ஒரு நாளைக்கு 20 தான், அதுவும் குலுக்கல். எங்கள் எம்.பி.யின் கேள்வி ஒரு முறை பட்டியலின் மேல் வரிசையில் விழுந்தது. ரயில்வே மேம்பாலம் ஒன்று பற்றி. துணைக்கேள்விக்குக் குறிப்பெல்லாம் தட்டச்சு செய்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துவிட்டேன். கூச்சலில் அவை ஒத்திவைக்கப்பட்டது. எழுத்துப்பூர்வ பதில் மேஜையில் வைக்கப்பட்டதாகக் கணக்கு. பதிலில் “பரிசீலனையில் உள்ளது” என்று இருந்தது. அமைச்சரை நிற்க வைத்துக் கேட்கும் அந்த ஒரு நிமிடம்தான் போயே போச்சு. கத்தியவர்களில் எங்கள் எம்.பி.யும் ஒருவர், அது வேறு விஷயம்!

2023 டிசம்பர் அதைவிட மோசம். 13-ம் தேதி பார்வையாளர் மாடத்திலிருந்து இரண்டு பேர் அவைக்குள் குதித்து வண்ணப் புகை விட்டார்கள். உள்துறை அமைச்சர் அவையில் விளக்கம் தர வேண்டும் என்று எதிர்க்கட்சி எம்.பி.க்கள் கேட்டார்கள். அதற்காக இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர் இடைநீக்கம். முதல் பட்டியலில் சேலம் எம்.பி. பார்த்திபன் பெயரும் இருந்தது. அவர் அன்று அவைக்கே வரவில்லை! ஆள் மாறிவிட்டது என்று பிறகு பெயரை நீக்கினார்கள். எங்கள் அறையில் இருந்த பையன், “அண்ணா, வராதவரையே வெளியே அனுப்புறாங்க, வந்தவங்க கதி?” என்றான். இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள் கொடுத்த கேள்விகளும் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டன. அந்த இடைவெளியில்தான் மூன்று குற்றவியல் சட்ட மசோதாக்கள் மக்களவையில் 20-ம் தேதி, மாநிலங்களவையில் 21-ம் தேதி என்று நிறைவேறின.

பழைய நிருபர்:
பி.ஏ. தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2018 மார்ச்சில் அதிமுகவினர் மீது கை வைக்கவே இல்லை. அதே கட்சியினர் 24 பேரை 2019 ஜனவரி 2 அன்று, மேகதாது அணைப் பிரச்சினைக்காக இறங்கியபோது, ஐந்து அமர்வுகளுக்கு வெளியே அனுப்பினார்கள். அன்று ரஃபேல் விவாதம் நடக்க வேண்டியிருந்தது. அமளி செய்பவர்களை இடைநீக்கம் செய்யும் விதி 374ஏ இரண்டு நேரமும் புத்தகத்தில் இருந்ததுதான்.

ஸ்ரீரங்கத்துக்காரரே, பாட்டி இருக்கிறார்களா? மாநிலங்களவைப் பக்கம் வேலை பார்த்த யாராவது 2021 ஆகஸ்ட் 11 பற்றி எழுதுங்களேன். பொதுக் காப்பீட்டு மசோதா வந்த அன்று காவலர்கள் சுவர்போல நின்றதை நான் டிவியில்தான் பார்த்தேன். அன்றைய அமளிக்காக எம்.பி.க்கள் 12 பேரை அடுத்த கூட்டத்தொடரின் முதல் நாளில் இடைநீக்கம் செய்தார்கள். உள்ளே இருந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.